கோர்ட்டு மேல்மாடம்

புத்தகத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்குகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திவிட்டு, வேலையும் கிடைக்காமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், நடைபாதையில் பரப்பியிருந்த பழைய புத்தகங்களுக்கு நடுவே 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்ற நாவலைப் பார்த்தேன். பறவை வேட்டையைப் பற்றியது போலும் என்று நினைத்து வாங்கி வந்துவிட்டேன். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் படித்தேன். அதில் ஒரு பறவையும் சாகவில்லை. செத்தது ஒரு மனிதன். அவன் மேல் பதினேழு குண்டுகள் பாய்ந்திருந்தன.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாகாணத்தில் மேகோம் என்று ஒரு கற்பனை ஊர். காலம் 1930-களின் நடுப்பகுதி. தாயில்லாத இரண்டு குழந்தைகள்: ஜெம் என்கிற பையன், அவனைவிட நாலு வயது இளையவளான ஸ்கௌட். தகப்பனார் அட்டிகஸ் பின்ச், வக்கீல். டாம் ராபின்ஸன் என்ற கறுப்பு இளைஞன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக வழக்கு. அவனுக்காக வாதாடும்படி ஜட்ஜ் அட்டிகஸை நியமிக்கிறார். டாமின் இடது கை சின்ன வயதிலேயே பஞ்சு அரைவை யந்திரத்தில் சிக்கிப் பயனற்றுப் போனது. அடித்தவனோ இடது கைக்காரன் என்பது கோர்ட்டில் எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது. இருந்தும் பன்னிரண்டு ஜூரிகளும் கூடிப் பேசிவிட்டுக் குற்றவாளி என்கிறார்கள். சிறையிலிருந்து தப்பி ஓடப் பார்த்தான் என்று சொல்லி அவனைச் சுட்டுவிடுகிறார்கள்.

இத்தனையையும் குழந்தைகள் எங்கிருந்து பார்க்கிறார்கள் தெரியுமா? கோர்ட்டில் கீழே வெள்ளைக்காரர்களுக்கு இடம், கறுப்பர்களுக்கு மேல்மாடம். கீழே இடம் கிடைக்காமல் நிற்கும் குழந்தைகளைப் பாதிரியார் ஸைக்ஸ் மேலே அழைத்துப்போய் உட்கார்த்தி வைக்கிறார். தீர்ப்பு வந்தபின் அட்டிகஸ் தனியாக வெளியே நடந்து போகும்போது, மேல்மாடத்தில் இருந்த அத்தனை பேரும் மௌனமாக எழுந்து நிற்கிறார்கள். குழந்தை மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். உன் தகப்பனார் போகிறார், எழுந்து நில் என்கிறார் பாதிரியார்.

அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன். ஒளிப்பானேன், இரண்டு நாள் எனக்கு அட்டிகஸ் பைத்தியமே பிடித்திருந்தது. எழுதினால் இப்படி ஒரு மனிதனைப் பற்றி எழுத வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன். பல வருஷங்களுக்குப் பிறகு எழுதவும் எழுதினேன். அந்த வெட்கக்கேட்டைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த ஊருக்குப் போய்விட்டு வருவோம்.

நாவலாசிரியை ஹார்ப்பர் லீ பிறந்தது 1926-இல், அலபாமாவில் உள்ள மன்றோவில் என்ற சிற்றூரில். தகப்பனார் அமாஸா கோல்மன் லீ வக்கீல். மாகாணச் சட்டசபை அங்கத்தினராக இருந்தவர். உள்ளூர்ப் பத்திரிகையான 'மன்றோ ஜர்ன'லின் ஆசிரியரும் அவரே. அடுத்த வீட்டில் விடுமுறைக்கு வந்து தங்கிய பையன், பின்னால் பெரிய எழுத்தாளரான ட்ரூமன் கபோட்டி. நாவலில் வருகிற டில் என்ற குறும்புக்காரப் பையன் அவர்தான்.

1931 மார்ச் 25-ஆம் தேதி, அதே அலபாமாவின் வடகோடியில், ஓடுகிற சரக்கு ரயிலில் கறுப்புப் பையன்களுக்கும் வெள்ளைக்காரப் பையன்களுக்கும் கைகலப்பு மூண்டது. ரயிலை நிறுத்தி ஒன்பது கறுப்புப் பையன்களைப் பிடித்தார்கள். அதே ரயிலில் வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், இவர்கள் எங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். பையன்களில் மூத்தவனுக்கே இருபதைத் தாண்டவில்லை. இளையவனுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. பிடித்த ஏறக்குறைய இரண்டு வாரத்தில், ஸ்காட்ஸ்போரோ என்ற ஊரில், எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தாகிவிட்டது. ஒன்பதாவது பையன் மிகச் சிறியவன், ஆயுள் தண்டனை போதும் என்று சர்க்கார் வக்கீலே சொல்லியும், ஜூரிகளில் சிலர் அவனையும் கொன்றே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் அவன் வழக்கு முடியாமல் நின்றது. ஹார்ப்பர் லீக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை.

1932-இல் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது. உயிர் போகும் வழக்கில் பெயருக்கு ஒரு வக்கீலை நிறுத்தினால் போதாது என்று சொல்லி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி 1933-இல் கோர்ட்டில் ஏறி, அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நான் சொன்னது பொய் என்றாள். ஜூரிகள் அசையவில்லை, திரும்பவும் மரண தண்டனை. விசாரித்த ஜட்ஜ் ஜேம்ஸ் ஹார்ட்டன் மட்டும், டாக்டர் சாட்சியத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் பொருத்தமே இல்லை என்று கண்டு, ஜூரிகளின் முடிவை ரத்து செய்தார். அடுத்த வருஷம் நடந்த தேர்தலில் அவர் ஜட்ஜ் பதவியை இழந்தார். அந்த நாட்டில் பல மாகாணங்களில் ஜட்ஜுகளுக்கும் தேர்தல் உண்டு.

வழக்கு இன்னொரு முறை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஜூரிகளில் கறுப்பர் ஒருவர்கூட இல்லையே என்று பையன்களின் வக்கீல் கேட்டார். ஜாபிதாவில் கறுப்பர்கள் பெயர் இருக்கிறதே என்று மாகாணத்தார் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார்கள். அந்தப் பெயர்கள் பின்னால் இடைச்செருகலாக எழுதப்பட்டவை என்றார் வக்கீல். நாட்டின் மிகப் பெரிய நீதிபதிகள் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு மையையும் கோட்டையும் பார்த்தார்கள். 1935 ஏப்ரலில், கறுப்பர்களை விலக்கி வைத்து ஜூரி அமைத்தது செல்லாது என்று தீர்ப்பானது. ஆனால் கோர்ட்டு சொன்னதும் ஜூரிப் பெட்டியில் கறுப்பு முகம் வந்து உட்கார்ந்துவிடவில்லை. வெள்ளைக்காரப் பெண்களே அலபாமாவில் ஜூரியாக உட்கார 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒன்பது பேரில் ஒருவரும் மின்சார நாற்காலிக்குப் போகவில்லை. ஆனால் சிறையிலே வாலிபம் போயிற்று. நாலு பேர் மேலிருந்த குற்றச்சாட்டை 1937-இல் கைவிட்டார்கள். அதே பெண்கள், அதே சாட்சியம், அதே ரயில். நாலு பேர் நிரபராதி, மற்றவர் குற்றவாளி! இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தண்டனை நிலைத்தவர்களில் கடைசி மூன்று பேருக்கு அலபாமா மன்னிப்பு எழுதிக் கொடுத்தது 2013 நவம்பரில். அதை வாங்கிக்கொள்ள அவர்களில் யாரும் உயிரோடு இல்லை.

நாவலின் மூலம் ஸ்காட்ஸ்போரோதான் என்று சொல்கிறவர்கள் பலர். அவ்வளவு தூரம் போவானேன்? மன்றோவில் ஊரிலேயே 1933-இல் வால்ட்டர் லெட் என்ற கறுப்பர் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் இதே புகாரைச் சொன்னாள். அவருக்கும் மரண தண்டனை. உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. அந்தப் பத்திரிகை யாருடைய வீட்டுப் பத்திரிகை என்பதை முன்பே சொன்னேன். சந்தேகப்பட்ட சிலர் கவர்னருக்கு மனுப்போட, தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. அதற்குள், மற்றவர்களைக் கொண்டுபோய்க் கொல்வதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக் கேட்டு அந்த மனிதருக்குச் சித்தம் கலங்கிவிட்டது. 1937-இல் க்ஷயரோகத்தில் இறந்தார்.

தகப்பனார் லீயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இளம் வக்கீலாக இருந்தபோது, 1919-இல், ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கறுப்பர்களுக்காக அவர் ஆஜரானார். தகப்பனும் மகனும். இருவரையும் தூக்கில் போட்டார்கள். அதன் பிறகு அவர் கிரிமினல் வழக்கையே தொடவில்லை என்று ஹார்ப்பர் லீயின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நாவலில் அட்டிகஸின் முதல் இரண்டு கட்சிக்காரர்களும் தூக்கில் போனதாக ஒரு செய்தி வருகிறது. ஆனால் அங்கே அவர்கள் வெள்ளைக்காரர்கள். புத்தி சொன்னால் கேட்காத முரடர்கள். படிக்கிறவனுக்குச் சிரிப்புக்கூட வருகிறது. ஒரு மகள் தன் தகப்பனாரின் வாழ்க்கையில் ஆறாமல் இருந்த புண்ணைத் தொட்டு, அதை அப்படியே எழுதக் கை வராமல், வேறு நிறம் பூசி வைத்திருக்கிறாள் என்று நான் நினைக்கிறேன். கதை எழுதுகிறவர்கள் எல்லாருமே இதைச் செய்கிறவர்கள்தாம். எனக்குக் குறை சொல்ல வாயில்லை.

சட்டம் படிக்கப் போன ஹார்ப்பர் லீ, படிப்பை முடிக்காமலே விட்டுவிட்டு நியூயார்க்குக்குப் போய் விமானக் கம்பெனியில் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தார். 1956 கிறிஸ்துமஸ் அன்று நண்பர்களான தம்பதிகள் ஒரு வருஷச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு எழுது என்றார்கள். (இப்படிப்பட்ட நண்பர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.) அந்த வருஷங்களில் தெற்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1955-இல் மிஸிஸிப்பியில் எம்மெட் டில் என்ற பதினாலு வயதுக் கறுப்புச் சிறுவனைக் கொன்று ஆற்றில் போட்டார்கள். குற்றவாளிகள் இருவரையும் ஜூரிகள் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் விடுவித்தார்கள்; சில மாதங்களில் அந்த இருவரும் ஒரு பத்திரிகையிடம், ஆமாம், நாங்கள்தான் கொன்றோம் என்றார்கள். மாண்ட்கமரி நகரத்துக் கறுப்பு ஜனங்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். ஹார்ப்பர் லீ படித்த அதே சர்வகலாசாலைக்கு 1956-இல் முதன்முதலாக ஒரு கறுப்பு மாணவி வந்தாள். கல்லெறிந்து, கலகம் செய்து, அவளையே வெளியேற்றினார்கள்.

இதையெல்லாம் பத்திரிகையில் படித்துக்கொண்டு அவர் முதலில் எழுதியது வேறு நாவல். ஸ்கௌட் வளர்ந்து இருபத்தாறு வயதுப் பெண்ணாகி ஊருக்குத் திரும்புகிறாள். கறுப்பர்களோடு சமமாக உட்கார மாட்டோம் என்று சொல்கிற வெள்ளைக்காரர்களின் கூட்டம் கோர்ட்டில் நடக்கிறது. குழந்தையாக இருந்து பார்த்த அதே மேல்மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறாள். மேஜை முன்னால் அவளுடைய தகப்பனார் உட்கார்ந்திருக்கிறார்.

பிரசுராலயத்தில் இருந்த டே ஹோஹாஃப் என்ற அம்மாள் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, அந்தப் பெண்ணின் பால்ய கால ஞாபகங்கள் வருகிற பகுதிகளில்தான் உயிர் இருக்கிறது என்றார். இரண்டு வருஷத்துக்கு மேல் திருப்பித் திருப்பி எழுதி, 1960 ஜூலையில் 'மாக்கிங்பேர்ட்' வெளிவந்தது. மறுவருஷம் புலிட்ஸர் பரிசு. 1962-இல் கிரிகரி பெக் நடித்த படம். இன்றுவரை நாலு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறதாம். கிடப்பில் போட்ட முதல் நாவல் 'கோ ஸெட் எ வாட்ச்மன்' என்ற பெயரில் 2015-இல்தான் அச்சாயிற்று. அடுத்த பிப்ரவரியில் ஆசிரியை காலமானார்.

அந்தப் பழைய நாவலைப் படித்துவிட்டு உலகம் முழுவதும் வாசகர்கள் கோபப்பட்டார்கள். எங்கள் அட்டிகஸா இப்படி என்று கண்ணீர் விட்டார்கள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு ஓர் இடம். அதிலும் ஒற்றைக் கைக் கறுப்பன் ஒருவனுடைய வழக்கு வருகிறது, ஏதோ போகிறபோக்கில் சில வரிகளில். அந்த வழக்கில் அட்டிகஸ் ஜெயித்துவிடுகிறார்! அவன் விடுதலையாகி வீட்டுக்குப் போகிறான்.

யோசித்துப் பாருங்கள். தகப்பனாரைக் கறைப்பட்டவராகக் காட்டிய முதல் நாவலில் கறுப்பன் பிழைத்துக்கொண்டான். தகப்பனாரைக் கறையில்லாதவராக ஆக்கிய இரண்டாவது நாவலில் அவன் செத்துப்போனான். எழுத்தாளன் என்ற முறையில் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. புரிவதால்தான் சங்கடமாக இருக்கிறது. வழக்கு ஜெயித்துவிட்டால் வக்கீல் கெட்டிக்காரன், அவ்வளவுதான். தோற்கும் என்று தெரிந்தே நின்று, தோற்று, தனியாக நடந்து போனால்தான் மேல்மாடம் எழுந்து நிற்கும். நமக்கும் தொண்டை அடைக்கும். நம் தொண்டை அடைப்பதற்காக டாம் ராபின்ஸன் சாக வேண்டியிருந்தது. சரித்திரமும் டாம்கள் செத்தார்கள் என்றுதான் சொல்கிறது, ஆகவே நாவலாசிரியை பொய் சொல்லவில்லை. ஆனால் சரித்திரத்தில் அட்டிகஸ்கள் வெகு சிலர். அந்த வெகு சிலரில் ஒருவரைத் தேர்தலில் தோற்கடித்தும் விட்டார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பத்து வருஷங்களுக்கு முன் நானும் ஒரு நல்ல வக்கீலைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். பண்ணை வீட்டில் நகை திருடியதாக ஒரு கூலியாளைப் பிடிக்கிறார்கள். சேரிக்காரன் என்பதற்கு மேல் அத்தாட்சி ஒன்றும் கிடையாது. வயதான வக்கீல் பீஸ் வாங்காமல் வாதாடித் தோற்கிறார். நிறையப் பேர் பாராட்டினார்கள். ஒரே ஒரு தபால் கார்டு மட்டும் வேறு மாதிரி வந்தது. வக்கீலின் மூக்குக் கண்ணாடிக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய தாங்கள், ஜெயிலுக்குப் போனவனின் பெயரைக் கதையில் ஓரிடத்திலும் சொல்லவில்லையே, மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தது. பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். வாஸ்தவம்தான். 'அவன்', 'கூலியாள்', 'அந்த ஏழை' என்றே எட்டுப் பக்கமும் ஓட்டியிருக்கிறேன். மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெயர் வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கார்டுக்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது?

அதற்குப் பிறகுதான் ஹார்ப்பர் லீயை மறுபடி எடுத்துப் படித்தேன். என்னைவிட அவர் எவ்வளவோ யோக்கியமாக எழுதியிருக்கிறார். டாமுக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, மனைவி மக்கள் உண்டு. கூண்டில் நின்று அவன் சொன்ன ஒரு வார்த்தையே அவனுக்கு எமனாகிறது. அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஏன் கூலியில்லாமல் வேலை செய்தாய் என்று கேட்கிறபோது, அவளைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது என்கிறான். கறுப்பன் வெள்ளைக்காரிக்காகப் பரிதாபப்படுவதா! கோர்ட்டு முழுவதும் விறைத்துப்போகிறது. ஒரு சமூகத்தின் நோயை இதைவிடச் சின்ன வார்த்தையில் காட்டிய நாவலாசிரியர் யாரையும் எனக்குத் தெரியாது. குழந்தைக்கு அந்த விறைப்பின் அர்த்தம் முழுதும் புரியவில்லை. வீட்டில் தன்னை வளர்க்கிற கல்பூர்னியா என்ற கறுப்பு அம்மாள், தன் ஜனங்களிடம் ஒரு பேச்சும் வெள்ளைக்காரர் வீட்டில் வேறு பேச்சும் பேசுவது ஏன் என்றுகூட அவளுக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. தினமும் சோறு போட்ட கைக்குத் தன் வீட்டுக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று கண்டுகொள்கிற இடத்தில்தான் அந்தக் குழந்தை உண்மையில் வளர்கிறாள். கோர்ட்டுக் காட்சியில் என்று நான் முன்னெல்லாம் நினைத்தது தப்பு.

மன்றோவில் ஊர் அந்த நாவலை மறக்கவில்லை. பழைய கோர்ட்டுக் கட்டடம் இன்று காட்சிசாலை. வருஷந்தோறும் வசந்த காலத்தில் ஊர்க்காரர்களே கதையை நாடகமாக நடிக்கிறார்கள். ஜூரிகளைப் பார்க்க வந்தவர்களிலிருந்து பொறுக்கி உட்கார்த்துகிறார்கள். நன்றாகத்தான் இருக்கும்; எனக்கும் பார்க்க ஆசை. ஆனால் அதே ஊரில் 1986-இல் ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண் கொலையுண்டாள். 1987-இல் வால்ட்டர் மக்மில்லியன் என்ற கறுப்பு மரவெட்டியைப் பிடித்தார்கள். கொலை நடந்த வேளையில் அவர் தம் வீட்டில் மீன் வறுத்து விற்கிற விருந்தில் இருந்தார். பார்த்ததாகப் பல பேர் சாட்சி சொன்னார்கள், அவர்கள் கறுப்பர்கள். விசாரணை தொடங்கும் முன்னாலேயே அவரை மரண தண்டனைக் கைதிகளின் சிறையில் கொண்டுபோய் வைத்தார்கள். விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. பதினோரு வெள்ளைக்காரரும் ஒரு கறுப்பரும் அடங்கிய ஜூரி, ஆயுள் தண்டனை போதும் என்று சிபார்சு செய்தது. ஜட்ஜ் அதைத் தள்ளிவிட்டு மரண தண்டனை விதித்தார். அலபாமாவில் ஜட்ஜுகளுக்கு அந்த அதிகாரம் 2017 வரை இருந்தது.

பிரையன் ஸ்டீவன்ஸன் என்ற இளம் கறுப்பு வக்கீல் அந்த வழக்கை எடுத்தார். ஊருக்குப் போனால் அங்குள்ளவர்கள் ரொம்பப் பெருமையோடு, எங்கள் ஊர் 'மாக்கிங்பேர்ட்' காட்சிசாலையைப் பார்த்தீர்களா என்று அவரிடம் விசாரித்தார்களாம். பொய்ச் சாட்சி சொன்னவனே பொய் என்று ஒப்புக்கொண்டு, போலீஸார் மறைத்து வைத்திருந்த ஒலிநாடாவும் வெளியே வந்து, மக்மில்லியன் 1993 மார்ச்சில் விடுதலையானார். ஆறு வருஷம்! ஸ்டீவன்ஸன் எழுதிய 'ஜஸ்ட் மெர்ஸி' என்ற புத்தகத்தில் முழு விவரமும் இருக்கிறது. அதில் கட்சிக்காரருக்கு முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, கிறுக்குத்தனமான ஹாஸ்யம்கூட இருக்கிறது.

நாவலைப் படித்த ஊரே இப்படிச் செய்தால் நாவல் எதற்கு என்று ஒரு சிநேகிதர் கேட்டார். நாவல் படிக்காத ஊர்களில் நடந்ததையும் கணக்கெடுத்துவிட்டுக் கேளுங்கள் என்றேன். வாய்ச் சமர்த்துக்குச் சொன்ன பதில்தான். அது என்னையே திருப்திப்படுத்தவில்லை. மேல்மாடம் எழுந்து நிற்கிற காட்சியில் நாம் எல்லாரும் நம்மை அட்டிகஸாகவே பாவித்துக்கொள்கிறோம். ஜூரிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவர்களும் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்கள்தாம் என்பது மறந்துவிடுகிறது.

போன மாதம் என் பெண் அந்தப் புத்தகத்தை எடுத்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. வழக்குக்கு எப்போது வருவாள், மேல்மாடம் எழுந்து நிற்கும்போது அழுவாளா என்று நான் தினமும் ஜாடையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து கேட்டது வேறு. கல்பூர்னியா குழந்தைகளைத் தன் கோயிலுக்கு அழைத்துப்போகிற அத்தியாயம் ஒன்று உண்டு. டாம் சிறையில் இருப்பதால் அவன் மனைவி ஹெலனுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை. பாதிரியார் ஸைக்ஸ் அவளுக்காக உண்டி எடுக்கிறார். எண்ணிப் பார்த்தால் போதவில்லை. உடனே கதவுகளைச் சாத்தச் சொல்லிவிட்டு, பத்து டாலர் சேரும்வரை ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று நிற்கிறார். கொளுத்துகிற வெயில், உள்ளே எல்லாரும் ஏழைகள், ஒவ்வொருவராக எழுந்து வந்து சில்லறையைப் போடுகிறார்கள்.

"பத்து டாலர் சேர்ந்துவிடுகிறது, அப்பா. ஆனால் அது அவளுக்கு எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டாள்.

முதல் தடவை படித்தபோது அந்தப் பக்கத்தை, கோர்ட்டு எப்போது வரும் என்ற அவசரத்தில், நான் புரட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, அந்த இடத்தை நிதானமாகப் படித்தேன்.